மைதானத்தின் இரு கோடியிலும் ஒரே தாளம்

போன மாதம் ஒரு நாள் காலையில் ஷாலினி போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது பாட்டு வகுப்பு எடுக்கும் பகுதிநேர ஆசிரியை அவள். குடியரசு தின அணிவகுப்புக்கு இனிமேல் பேண்டு வேண்டாம், புளூடூத் ஸ்பீக்கரில் மார்ச்சிங் இசையைப் போட்டுவிட்டால் போதும் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். ஒரு காலத்தில் பேண்டை மூட விடாமல் தடுத்தது நான்தான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "எப்படின்னு எழுதிக் குடுங்க டீச்சர், அடுத்த கூட்டத்துல நான் படிக்கிறேன்" என்றாள்.

தடுத்தது நானில்லை. சொல்லப்போனால், தடுத்தவளை ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான். அதையும் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் எழுத எழுதக் கால் தானாகத் தரையில் அடி போடுகிறது.

நான் வாலாஜாபாத்துக்காரி. இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தேன், ஓராண்டு ஆசிரியர் பயிற்சி முடித்தேன், காஞ்சிபுரத்தில் ஓர் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று தலைமையாசிரியை சுலோசனா அம்மா என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார். பாட்டு ரூம் சாவியா என்று கேட்டேன்.

"பாட்டுக்கு ரூம் கிடையாது. இது பேண்டு ரூம். ரெண்டும் இனிமே நீங்கதான்" என்றார்.

திறந்து பார்த்தால் ஒரு பெரிய டிரம், எட்டு சைடு டிரம், இரண்டு ஜோடி சிம்பல், எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. அதுவரை நான் டிரம் குச்சியைக் கையால் தொட்டது கிடையாது. எங்கள் ஊரில் போலீஸ் பேண்டில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்க் குச்சி பிடிக்கவும் உருட்டவும் கற்றுக்கொண்டேன். மற்றதை எனக்குத் தெரிந்த 'தகதிமி' என்ற சொற்கட்டை வைத்துச் சமாளித்தேன். இடது கால் தரையைத் தொடும்போது 'த'. அந்த 'த'வில்தான் பெரிய டிரம்மின் அடி விழ வேண்டும். மீதி 'கதிமி' சைடு டிரம்காரர்களின் கையில்.

என் வகுப்பில் முதல் மாதம் யாருக்கும் டிரம் கிடையாது, வெறும் கால்தான். நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டு வாயால் சொற்கட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது மாதம் பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் குச்சி. அதன் பிறகுதான் டிரம். டிரம்மை இறுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. விளிம்பில் இருக்கும் திருகு ஒன்றைக் கால் சுற்று முறுக்கினால் அடுத்தது அதன் பக்கத்துத் திருகை அல்ல, நேர் எதிரே இருக்கும் திருகை முறுக்க வேண்டும். வரிசையாக முறுக்கிக்கொண்டு போனால் தோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கரகரக்கும். வாசித்து முடித்ததும் அதே முறையில் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் எந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போக முடியாது.

சுலோசனா அம்மா இயற்பியல் ஆசிரியை. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் முகம் இருக்கும்படி கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் எதைக் கேட்டுக்கொண்டு போனாலும் பதிலுக்கு ஓர் எண்ணைக் கேட்பார். ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் பயிற்சி வேண்டும் என்றேன். "கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எண் இல்லாமல் அவர் அறைக்குள் நான் போனதில்லை. பாராட்டும் அவர் வாயிலிருந்து வராது. நாங்கள் மைதானத்தில் நடக்கும்போது வராந்தாவில் நின்று உள்ளங்கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து அடிகளை எண்ணுவார். நிமிடத்துக்கு நூற்றிருபது அடி இருக்க வேண்டும். நூற்றுப் பதினாறு இருந்தால் மறுநாள் காலையில் என் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் '116' என்று மட்டும் எழுதியிருக்கும்.

பாட்டு வகுப்பின் நிலைமையை அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பீரியட் இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார், போர்ஷன் முடியவில்லை என்பார். எழுந்து கொடுத்துவிட வேண்டியதுதான். பத்தாம் வகுப்புக்குப் பாட்டே கிடையாது. பரீட்சை இல்லாத பாடம், ஆகவே பாடமே இல்லை என்பதுதான் எல்லோருடைய கணக்கும். காலை வழிபாட்டுக்கும் ஆண்டு விழாவில் வரவேற்புப் பாட்டுக்கும் மட்டும் என் ஞாபகம் வரும்.

நான் சேர்ந்து எட்டாவது வருடம் அது முற்றியது. பேண்டு அறையைக் கணினி அறையாக்குவது, அடுத்த ஜூனிலிருந்து பாட்டுப் பீரியடை மற்றப் பாடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று நிர்வாகக் குழு பேசி முடித்திருந்தது. சுலோசனா அம்மா என்னைக் கூப்பிட்டு நின்றபடியே சொன்னார். நான் அவகாசம் கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். அறைக்கு வெளியே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன்.

"நாப்பத்தி மூணு நாள்மா. மாவட்டப் பள்ளி பேண்டு போட்டி வரைக்கும்."

"முதல் ரெண்டு இடத்துக்குத்தான் குடியரசு தின அணிவகுப்புல வாசிக்கக் கூப்பிடுவாங்க. கலெக்டர் முன்னாடி வாசிச்ச பேண்டோட ரூமை யாரும் உடனே பூட்ட மாட்டாங்க" என்றார் அவர். "போங்க. நாள் ஓடிக்கினு இருக்குது."

ஓட்டமாகத்தான் வந்தேன். மறுநாளே ஆள் தேர்வு வைத்தேன். பதினோரு கருவி, பதினோரு பெண்கள். பெரிய டிரம்முக்கு மஞ்சுளா, பதினோராம் வகுப்பு, நல்ல தோள்பலம். வரிசையின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பூங்கொடி நின்றாள். பிள்ளையார்பாளையத்தில் தறி போடும் ஏகாம்பரத்தின் மகள். பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. ஒரு காதில் கருவி மாட்டியிருப்பாள், அதிலும் அரைகுறைதான். நம் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவள் பெரிய டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்து, அடிக்கச் சொல்லி மஞ்சுளாவுக்குச் சைகை காட்டினாள். அடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு நாற்பத்து மூன்று நாள்தான் மனசில் இருந்தது. "இது காது இருக்கறவங்க வேலைம்மா. நீ டிராயிங்ல சேந்துக்கோ" என்று சொன்னேன். வார்த்தை தவறாமல் என் உதட்டில் படித்துக்கொண்டாள். டிரம் தோலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உடற்கல்வி ஆசிரியை வசந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துப் பேண்டுக்கு முன்னால் பள்ளிக் கொடி பிடிக்கப் பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கொடிக்குத் தாளம் தேவையில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

போட்டியில் ஐந்து நிமிடம் காட்ட வேண்டும். நடுவில் ஒன்றாகத் தொடங்கி இரண்டு பாதியாகப் பிரிந்து மைதானத்தின் இரண்டு கோடிக்கும் போவது, அங்கே எதிரெதிராகத் திரும்பி நின்ற இடத்தில் மிதித்தபடி வாசிப்பது, பிறகு திரும்பி வந்து ஒன்றையொன்று குறுக்கே கடப்பது என்று வசந்தாவும் நானும் வரைந்து வைத்திருந்தோம். பிள்ளைகளுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. பிரியும் வரை அழகாக இருக்கும். கோடிக்குப் போய்த் திரும்பியதும் குலைந்துவிடும். மஞ்சுளா இருந்த பாதி ஒன்று அடிக்கும், எதிர்ப் பாதி வேறொன்று அடிக்கும், போகப் போக எல்லோருமே இழுத்துக்கொண்டே போவார்கள். கூரை ஓட்டின் மேல் கல்லைக் கொட்டின மாதிரி சத்தம். திட்டினேன். ஆளை மாற்றினேன். மஞ்சுளா ஒரு நாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "நான் சரியாதான் அடிக்கிறேன் டீச்சர், அவளுங்கதான் லேட்டு" என்றாள். எதிர்ப் பாதியைக் கேட்டால், லேட்டு மஞ்சுளாதான் என்றார்கள். பதினேழு நாள் மிச்சம் இருந்தது.

அன்று சாயங்காலம் சுலோசனா அம்மா என்னை மாடிக்கு வரச் சொன்னார். அவர் அறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். கீழே வசந்தா பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பாதியும் கோடிக்குப் போய்த் திரும்பின. வழக்கம்போலக் குலைந்தது.

"அந்தக் கோடியில மஞ்சுளா குச்சி விழறதைப் பாருங்க. இந்தக் கோடியில எல்லார் காலையும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். இந்தக் கோடியில் இருந்த ஒவ்வொரு காலும் மஞ்சுளாவின் குச்சிக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது, ஒரே ஒரு ஜோடிக் காலைத் தவிர. கொடியைப் பிடித்தபடி மிதித்துக்கொண்டிருந்த பூங்கொடியின் கால் மட்டும் இருநூறு அடிக்கு அப்பால் குச்சி விழும் அதே கணத்தில் விழுந்தது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும்.

"அவளுக்குக் காது கேக்காதும்மா" என்றேன்.

"அதனாலதான்" என்றார் அவர்.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மேஜை மேலிருந்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்த அம்மா அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணிடம் அவற்றைக் கொடுத்து மைதானத்தின் கோடிக்கு அனுப்பினார். கையை நன்றாகத் தூக்கி ஓங்கித் தட்டச் சொன்னார். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கரண்டி தட்டில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. அது மறுபடி மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னொரு வாட்டி" என்று கத்தினார்கள். நானும்தான்.

சுலோசனா அம்மா மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். சத்தம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு அடி போகும். இருநூறு அடியைக் கடக்கும் நேரத்தில் நம் கால் ஒரு அடி எடுத்து வைப்பதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எதிர்ப் பாதி தாமதமாகக் கேட்டுத் தாமதமாக அடிக்கிறது. அந்தத் தாமதம் இன்னொரு தாமதத்தோடு மஞ்சுளாவிடம் திரும்பி வருகிறது. அவளும் அதற்காகக் காத்து மெதுவாகிறாள். யார் மேலும் தப்பில்லை. இத்தனை நாளும் 'காதைத் தீட்டிக் கேளுங்க, கேளுங்க' என்று நான் கத்தினேனே, அதுதான் தப்பு. பிள்ளைகள் நான் சொன்னபடி கேட்டார்கள், கெட்டார்கள்.

கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும். நடுவர்கள் உட்காரும் இடம் மைதானத்துக்கு நடுவில் இருப்பதால், இரண்டு கோடியிலும் ஒரே கணத்தில் அடித்தால் அங்கே ஒரே சத்தமாகப் போய்ச் சேரும். அதற்கு நடுவில் ஒருத்தி பேண்டை நடத்தும் கோலைப் பிடித்து நிற்க வேண்டும். அவள் கோல் இறங்கும்போது எல்லோர் கையும் இறங்க வேண்டும்.

நன்றாகப் பாடும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திப் பார்த்தோம். நூற்றிருபதில் ஆரம்பித்தாள், நூற்றெட்டில் முடித்தாள். இரண்டு பக்கமிருந்தும் தாமதமாக வரும் சத்தம் அவள் கையை இழுத்தது. நான் நின்று பார்த்தேன், என் கையையும் இழுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வேலைக்கு, சத்தம் இழுக்க முடியாத ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் பள்ளியிலேயே ஒருத்திதான் இருந்தாள். அவளை நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது.

கோலைப் பிடிக்கச் சொல்லி வசந்தா கேட்டுப் பார்த்தாள். பூங்கொடி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. நான் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன்.

ஏகாம்பரம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் வீட்டுத் தரை அதிர்ந்தது, என் செருப்பில்லாத காலில் அது ஏறியது. சேலையில் ஒரு பூ முடிந்த பிறகுதான் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையிலிருந்து கீழே வைத்தார்.

"அன்னைக்கு வந்து ரெண்டு வேளை சாப்புடல டீச்சரம்மா அவ" என்றார். "இப்ப ஆள் வேணும்னதும் வந்துக்கினு இருக்கீங்க. நாளைக்கு அத்தினி பேர் முன்னாடி தப்பா போச்சுன்னா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. செவுட்டுப் பொண்ண நிக்க வெச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நான் பூங்கொடிக்கு எதிரே, அவளுக்கு என் முகம் நேராகத் தெரியும்படி தரையில் உட்கார்ந்தேன். நான் அன்று சொன்னது தப்பு என்றேன். தாளம் காதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உன் காலைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்றேன். தப்பாகப் போனால் மைக்கைப் பிடித்து அது என் தப்பு என்று நானே சொல்வேன் என்றேன்.

அவள் என் உதட்டையே பார்த்திருந்தாள். பிறகு, உனக்கு எப்படி வேகம் மாறாமல் வருகிறது என்று கேட்டேன். அவள் தரையைத் தொட்டுக் காட்டினாள். "தறி மிதிக்கறது கால்ல தெரியும் டீச்சர். நைனா வேகமா போட்டா முழிச்சிக்குவேன். மெதுவா போட்டா தூக்கம் வந்துடும்."

ஏகாம்பரத்துக்கே அது புதுச் செய்தி என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பி, "போறேன் நைனா" என்றாள். அவர் நாடாவை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மைதானத்தில் சுலோசனா அம்மா அவளைப் பேண்டுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, இரண்டு நிமிடம் மிதிக்கச் சொன்னார். பின்னால் வேண்டுமென்றே பிள்ளைகளைக் கண்டபடி அடிக்கச் சொன்னார். அவள் பாட்டுக்கு மிதித்தாள். சுலோசனா அம்மாவின் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. "இருநூத்தி நாப்பது" என்றார். கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடி இருநூற்று நாற்பது. மறுநாள் என் மேஜைக்குத் துண்டுச் சீட்டு வரவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பூங்கொடியின் கோலைப் பார்த்து அடிப்பது. முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பஞ்சை எடுத்துவிட்டோம், அவர்கள் கண் கோலை விட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள், மைதானத்தின் நடுவுக்கு நேராக இருந்த அந்த மாடி ஜன்னலிலிருந்து கேட்டேன். இரண்டு கோடியிலிருந்தும் ஒரே அடி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குதித்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

போட்டியன்று நாங்கள் நான்காவது. எங்களுக்கு அடுத்து ஆண்கள் பள்ளி ஒன்று. அவர்களுடையது பெரிய பேண்டு, பளபளவென்று டிரம்பெட் எல்லாம் வைத்திருந்தார்கள். பூங்கொடி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றாள். கோலைத் தூக்கினாள், இறக்கினாள். பதினோரு பேரும் ஒரே ஆளாக அடித்தார்கள். நடந்தார்கள், பிரிந்தார்கள், கோடிக்குப் போனார்கள், திரும்பினார்கள். சரியாக அந்த இடத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த பேண்டு தங்கள் டிரம்களைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தது. எங்களைவிட வேகமான அடி. அவர்களுக்கு நாங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. மஞ்சுளா நின்ற கோடிக்கு நேர் பின்னால் அந்தச் சத்தம்.

மஞ்சுளாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். அவள் குச்சி ஒரு நொடி மேலேயே தொங்கியது. வசந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள் கோல் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. அவளுக்கு மதிலும் இல்லை, மதிலுக்கு அப்பாலும் இல்லை. மஞ்சுளா அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டாள், கண்ணால். குச்சி விழுந்தது, 'த'விலேயே விழுந்தது. எதிர்க் கோடியில் எல்லோருடைய இடது காலும் அதே கணத்தில் விழுந்தது. அந்தப் பக்கத்து டிரம் இன்னும் வேகமாக அடித்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு அடி கூடப் பிசகவில்லை. திரும்பி வந்தார்கள், குறுக்கே கடந்தார்கள், ஒரு தோள் இன்னொரு தோளில் உரசவில்லை, கடைசி அடியில் நின்றார்கள். நடுவர்களில் ஒருவர், ராணுவ பேண்டில் இருந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் என்ன கத்தினேன் என்று தெரியாது, இரண்டு நாள் குரல் வரவில்லை.

முதல் இடம் அந்த ஆண்கள் பள்ளிக்குத்தான் போனது. நன்றாகவே வாசித்தார்கள். இரண்டாம் இடம் எங்களுக்கு. குடியரசு தினத்தில் கலெக்டர் முன்னால் பூங்கொடி கோலோடு நடந்தாள். ஏகாம்பரம் அன்று தறியை நிறுத்திவிட்டு வந்து கூட்டத்தில் நின்றார். பேண்டு அறையைப் பற்றி நிர்வாகக் குழு அதற்கப்புறம் பேச்செடுக்கவில்லை, கணினிகள் பழைய நூலகத்துக்குப் போயின. ஜூன் மாதக் கால அட்டவணையில் சுலோசனா அம்மா பாட்டுப் பீரியடைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, 'மாற்ற வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும்' என்று எழுதினார். அவர் இருந்த வரை கணக்கு டீச்சர் என் வாசலுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்புக்கும் ஒரு பீரியட் கிடைத்தது.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது போட்டி முடிந்து வேனில் திரும்பியதுதான். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி என் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்தக் கோடியில திரும்பி நிக்கும்போது மஞ்சுளாக்கா மூஞ்சி ஏன் அப்டி இருந்துது? வயித்து வலியா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்ததை அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவள் கண் விரிந்துகொண்டே போனது. "அவ்ளோ சத்தமா?" என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் பார்த்து மஞ்சுளா சிரித்தாள், வேனே சிரித்தது. யாரோ முன் சீட்டின் முதுகில் கையால் தட்ட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பூங்கொடி வேனின் தகரச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். இரண்டு அடி பொறுத்தாள். மூன்றாவது அடியில் அவள் கால் விழுந்தது.